மாஸ்டருக்கு எந்தப் பல்?

செருப்புத் தைக்கிறவரிடம் மாஸ்டர் வருடத்துக்கு இரண்டு தடவை போவார். ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். இடது கால் ஷூ நேற்று வாங்கியது போல இருக்கும். வலது கால் ஷூவின் அடி மட்டும் தேய்ந்து உள்ளே விரல் தெரியும். "சார், கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க ஒத்தைக் கால்லயா நடக்கறீங்க?" என்று அவர் ஒருநாள் கேட்டே விட்டார். மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. நடப்பது இரண்டு காலாலும்தான், பிழைப்புதான் ஒற்றைக் காலில் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, தைத்து முடிக்கும்வரை அங்கேயே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்க்க, மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பத்தொன்பது வருடமாக அந்தப் பிரேக்தான் வீட்டுக்குச் சோறு போடுகிறது என்று அவர் சொன்னால் மனைவி சண்டைக்கு வந்துவிடுவார். அவரும் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து பாதிச் சோறு போடுகிறவர்தான். பிரேக்கின் மேல் இருக்கும் ரப்பர் உறையை இதுவரை மூன்று முறை மாற்றியாகிவிட்டது.

காலுக்கு வந்த பழக்கம் லேசில் போகுமா? பஸ்ஸில் போனால் முன்சீட்டுக்காரரின் முதுகில் மிதி விழும். சினிமாவில் கார் துரத்தும் காட்சி வந்தால் முன்வரிசையே திரும்பிப் பார்க்கும். தூக்கத்தில் யாரையோ காப்பாற்றுவதற்காக அவர் விடும் உதை மனைவிக்குத்தான் கிடைக்கும். அதற்காகவே கட்டிலில் கால்மாட்டில் நடுவே ஒரு தலையணை நிரந்தரமாகக் குடியிருந்தது.

அவரிடம் படித்தவர்கள் ஒரு ரகமா இரண்டு ரகமா! ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ளும் கணக்காளர், கியரை மாற்றும் முன் அதனிடம் மன்னிப்புக் கேட்கும் நர்ஸ், ஹாரன் அடிப்பதையே ஓட்டுவதாக நினைத்துக்கொண்ட ஒரு ரிட்டயர்டு ஆபீசர். எல்லோருக்கும் மாஸ்டர் சொல்வது ஒன்றுதான். "வண்டி ஆஃப் ஆனா தப்பே இல்ல. நீங்க பதறினாத்தான் தப்பு." சொல்லும்போதே எதிரே வரும் லாரிக்கு, குறுக்கே ஓடும் நாய்க்கு, திறக்கப்போகும் கார்க் கதவுக்கு என்று கண் இமைக்கும் நேரத்தில் மூன்று முடிவுகளை எடுத்து முடித்திருப்பார். இதே மனிதர் தனக்கென்று வந்துவிட்டால் டீயா காபியா என்று தீர்மானிப்பதற்குள் கடைக்காரர் கடையை மூடிவிடுவார்.

ஸ்கூல் முதலாளியை எல்லோரும் முகத்துக்கு நேரே 'ஓனர்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'பாப்போம்'. எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். வண்டிக்கு ஏசி வைக்கலாமா? பாப்போம். கூரை ஒழுகுகிறதே? பாப்போம். அவருக்கே ஒரு சொத்தைப் பல் உண்டு. அதையும் ஒரு வருடமாக அவர் பாப்போம் என்றே வைத்திருந்தார். இன்னொரு ரகசியமும் உண்டு. அது மாஸ்டருக்கு மட்டுமே தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த மனிதருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

மாஸ்டர் அவரிடம் கேட்ட ஒரே ஒரு விஷயம் ஞாயிற்றுக்கிழமை லீவு. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் கார் கற்றுக்கொள்ள வருவார்கள். அதனால் மாஸ்டருக்குச் செவ்வாய் லீவு. தபால் ஆபீசுக்கு ஞாயிறு லீவு. இப்படியே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. யாராவது கல்யாணம் செய்துகொண்டாலோ செத்துப்போனாலோதான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே நாளில் லீவு. செவ்வாய்க்கிழமை மாஸ்டர் தனியாக உட்கார்ந்து துணி மடிப்பார். ஞாயிற்றுக்கிழமை மனைவி தனியாக உட்கார்ந்து, அவர் மடித்ததை எல்லாம் பிரித்துத் திரும்ப மடிப்பார்.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டர் போன் செய்தார். நாலு வருடம் முன்பு மாஸ்டரிடம் படித்து, இரண்டு தடவை டெஸ்டில் கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை லைசென்ஸ் வாங்கியவர். மாஸ்டரே தினம் வீட்டு வாசலுக்குப் போய் ஏற்றிக்கொண்டதால் ஸ்கூலையும் ஓனரையும் அவர் பார்த்ததே இல்லை. வாங்கிய கையோடு அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டார். கார் வாசலில் உறை போட்டுக்கொண்டு தூங்குகிறது, டாக்டர் டாக்சியில் போகிறார்.

"மாஸ்டர், மூணாவது கிளினிக் திறந்துட்டேன். நம்பிக்கையான டிரைவர் வேணும். எனக்கு உங்களைத் தவிர யாரையும் நம்பத் தோணல. இப்ப வாங்கற சம்பளத்தைப் போல ரெண்டு மடங்கு தரேன். ஞாயித்துக்கிழமை லீவு."

மாஸ்டர் கடைசி வார்த்தையில் நின்றுவிட்டார்.

"திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் காலைல வந்து ஓட்டிப் பாருங்க. சனிக்கிழமைக்குள்ள முடிவைச் சொல்லிடுங்க. சரியா?"

அன்று இரவு போன் வந்த விஷயத்தை மட்டும் மனைவியிடம் சொன்னார். செவ்வாய் எப்படியும் லீவு. மற்ற மூன்று காலைக்கு ஓனரிடம் என்ன சொல்வது? மாஸ்டருக்குப் பொய் வராது. வந்தாலும் நிற்காது. யோசித்து யோசித்து, பொய்யே இல்லாத ஒரு பொய்யைக் கண்டுபிடித்தார்.

"சார், மூணு நாள் காலைல பல் டாக்டர்கிட்ட போகணும்."

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் ஓனர் பதறிப்போய் எழுந்து வந்துவிட்டார். "எந்தப் பல்?"

இந்தக் கேள்வியை மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை. "கீழ... இந்தப் பக்கம்" என்று இடது கன்னத்தைத் தொட்டார்.

"எனக்கும் அதே இடம்தான்!" என்றார் ஓனர், தொலைந்துபோன சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவர் போல. "போயிட்டு வாங்க. உடம்பைப் பாத்துக்குங்க."

பத்தொன்பது வருடத்தில் பாப்போம் என்று சொல்லாமல் அவர் கொடுத்த முதல் லீவு அது.

திங்கட்கிழமை காலை டாக்டர் வீட்டு வாசலில் இருவரும் சேர்ந்து காரின் உறையை உருவினார்கள். ஒரு வருடத் தூசி இருவர் தலையிலும் இறங்கியது. தும்மிக்கொண்டே, பழைய டெஸ்ட் கதைகளைப் பேசிச் சிரித்துக்கொண்டே வண்டிக்குள் ஏறினார்கள்.

"சீட்டை முன்னால இழுங்க. கண்ணாடி. பெல்ட்" என்றார் மாஸ்டர். டாக்டர் இழுத்தார், திருப்பினார், மாட்டினார். "கிளட்ச். முதல் கியர். சிக்னல். மெதுவா விடுங்க... மெதுவா... பிரமாதம்!"

வண்டி கிளம்பியது. மூன்று சிக்னல் தாண்டியது. ஒரு ரவுண்டானாவைச் சுற்றி, குறுக்கே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு, மேம்பாலம் ஏறி இறங்கியது. "இடது பக்கம் சைக்கிள் வருது, விட்டுடுங்க. அவ்வளவுதான். யார் சொன்னது உங்களுக்கு ஓட்ட வராதுன்னு?" நாலாவது சிக்னலில் நின்றபோதுதான் டாக்டர் தன் கையில் இருந்த ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

"மாஸ்டர்! நான் ஓட்டிட்டு இருக்கேன்!"

"ஆமா டாக்டர், நல்லாத்தானே ஓட்டறீங்க."

"நீங்கதானே ஓட்டணும்?"

மாஸ்டர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அங்கே பிரேக் இல்லை. அரை மணி நேரமாக அவர் மிதித்துக்கொண்டு வந்தது வெறும் ரப்பர் மேட். அந்த ரவுண்டானா, அந்த பஸ், அந்த மேம்பாலம் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்துபோயின. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அலறியது. முன்சீட்டில் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் வேலை கேட்டு வந்தவர் நேராகப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும், டிரைவர் வேண்டும் என்று கேட்டவரே ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் இந்த இருவருக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. அப்போதே விஷயம் முடிந்துவிட்டது என்று வாசகருக்குத் தெரிந்திருக்கும். மாஸ்டருக்குத் தெரியவில்லை. தனக்கென்று வந்தால் அவர் வேகம் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமையில் இருந்து அவர் ஒழுங்காக ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் பின்சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார். பத்தொன்பது வருடம் கற்றுக்குட்டிகளோடு போன வேகம்தான் மாஸ்டரின் வேகம். சைக்கிளில் வந்த ஒருவர் ஜன்னல் பக்கமாக வந்து, "வண்டி ரிப்பேரா அண்ணே? தள்ளணுமா?" என்று அன்பாக விசாரித்தார். வாயும் சும்மா இருக்கவில்லை. "கண்ணாடி. சிக்னல். இப்ப இரண்டாவது கியர். பிரமாதம்" என்று அது தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

"மாஸ்டர், யார்கிட்ட பேசறீங்க?" என்றார் டாக்டர் போனில் இருந்து தலையைத் தூக்காமல்.

"யார்கிட்டயும் இல்ல டாக்டர்."

அதுதான் கஷ்டமே. பேச யாருமில்லை, பதற யாருமில்லை, தப்பு செய்யவும் யாருமில்லை. கிளினிக்குக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் அவர் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒட்டியிருந்த அறிவிப்பை எத்தனையோ தடவை படித்தார். ரிவர்ஸ் எடுக்கத் திணறிய ஒரு அந்நியருக்குக் கையைக் காட்டி, "ஸ்டீயரிங்கை ஃபுல்லா ஒடிங்க, ஒடிங்க, இப்ப நேராக்குங்க" என்று சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் அந்த மூன்று மணி நேரத்தில் நடந்த நல்ல காரியம்.

அங்கே அப்படி என்றால் இங்கே பல். புதன்கிழமை மதியம் ஸ்கூலுக்குள் நுழைந்தபோது மாஸ்டர் ஞாபகமாகக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டுதான் நுழைந்தார். வைத்தது வலது கன்னத்தில்.

"அன்னிக்கு இடது பக்கம்னு சொன்னீங்க?" என்றார் ஓனர்.

மாஸ்டர் மென்று விழுங்கினார். "பரவிடுச்சு சார்."

ஓனர் முகம் வெளுத்துவிட்டது. தன் பல்லும் பரவிவிடுமோ என்ற பயம் பாதி, உண்மையான இரக்கம் பாதி. எழுந்து போய் எதிர்க்கடையில் கிராம்பு வாங்கிக்கொண்டு வந்து, மாஸ்டரை வாய்க்குள் அடக்கச் சொன்னார். அடக்கியாகிவிட்டதா என்று நின்று பார்த்தார். பிறகு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். நல்ல பல் முப்பத்திரண்டையும் வைத்துக்கொண்டு மாஸ்டர் அந்த ஊறிப்போன ரொட்டியைத் தின்றார். கிராம்பின் காரத்தைவிட அந்த மனிதர் காட்டிய அக்கறைதான் அவருக்கு அதிகமாக எரிந்தது.

வியாழன் மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி தபால் ஆபீசில் தினம் நூறு பேரின் புலம்பலைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கேட்கிறவர். கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த வேலைக்குப் போனா ஞாயித்துக்கிழமை லீவுதானே?"

"ஆமா."

"அப்ப போங்க."

"போகட்டுமா? இல்ல, அங்க பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல. தூணைப் பாத்துட்டு உக்காரணும்."

"அப்ப போகாதீங்க."

"போகலைன்னா ரெண்டு மடங்கு சம்பளம் போயிடுமே. ஞாயித்துக்கிழமையும் போயிடும்."

"அப்ப போங்க."

"நீ என்ன, மாத்தி மாத்திப் பேசறே?"

"மாத்திப் பேசறது நானா?" மனைவி கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தார். "சரி, ஓனர்கிட்ட ஞாயித்துக்கிழமையை இதுவரைக்கும் எத்தனை தடவை கேட்டிருப்பீங்க?"

மாஸ்டர் கணக்குப் போட்டார். "மூணு தடவை."

"பத்தொன்பது வருஷத்துல மூணு தடவை! அதுலயும் ஒண்ணு நீங்க சிரிச்சுக்கிட்டே கேட்டது. நான் பக்கத்துல இருந்தேன். அதைச் சேர்க்கவே கூடாது." பிறகு குரல் இறங்கியது. "இதோ பாருங்க. நீங்க யார் வண்டில வேணா ஏறுங்க, எந்த சீட்ல வேணா உக்காருங்க. எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேணும். தனியா உக்காந்து துணி மடிச்சு மடிச்சு எனக்கு அலுத்துப்போச்சு. இதுக்கு மேல முடியாது."

மனைவி இப்படிப் பேசி மாஸ்டர் கேட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். "பாப்போம்" என்றுதான் வந்தது. மனைவி பார்த்த பார்வையில் கால் தானாகத் தரையை மிதித்தது.

வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பக் கட்டுகளைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்த ஓனரின் இடது கன்னம், வாய்க்குள் எலுமிச்சம்பழம் வைத்தது போல வீங்கியிருந்தது. ஒரு வருடமாகப் பாப்போம் பாப்போம் என்று ஒத்திவைத்த பல், பொறுத்தது போதும் என்று அவரைப் பார்த்துவிட்டது.

"மாஸ்டர், உங்க டாக்டர்கிட்டயே டைம் வாங்கிட்டேன். நாலு மணிக்கு. தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வாங்க."

"எந்த டாக்டர் சார்?" என்றார் மாஸ்டர், ஈனக்குரலில்.

"நீங்க போறீங்களே, அவங்கதான். ரொம்பக் கைராசின்னு கேள்விப்பட்டேன்."

யார் சொன்னது என்று கேட்கும் நிலையில் மாஸ்டர் இல்லை. ஓனருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால் தப்பிக்கவும் வழியில்லை. கொலைக்களத்துக்குப் போகிறவர் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போனது போலப் போனார்.

டாக்டர் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று மாஸ்டர் அறைக்கு வெளியே பெஞ்சில், மீன் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தார். கதவு பாதி திறந்திருந்தது. அங்கிருந்து தெரிந்ததெல்லாம் நாற்காலியில் மல்லாந்திருந்த ஓனரின் இரண்டு ஷூக்கள் மட்டும்தான். ஊசி போட்டாயிற்று, வாயில் பஞ்சு திணித்தாயிற்று. பல் டாக்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிராளியால் பேச முடியாது என்று உறுதியான பிறகுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

"நல்லாத் திறங்க. டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கீங்களா? அட, எங்கிட்டயும் ஒரு டிரைவிங் மாஸ்டர் அடுத்த மாசம் டிரைவரா சேரப்போறார்."

ஷூக்கள் அசையவில்லை.

"தங்கமான மனுஷன். திங்கக்கிழமை என்ன ஆச்சு தெரியுமா?" என்று டாக்டர் சீட் மாறி உட்கார்ந்த கதையை ரவுண்டானா, பஸ், மேம்பாலம் எதையும் விடாமல் சொன்னார். ஓனரின் இடது ஷூ லேசாக நிமிர்ந்தது. இந்த ஊரில் ரப்பர் மேட்டை மிதிக்கும் மாஸ்டர் வேறு யார் இருக்க முடியும்?

"பாவம், எத்தனையோ வருஷமா ஞாயித்துக்கிழமை லீவு கேக்கறாராம். வீட்ல அவங்களுக்கு அன்னிக்குத்தான் லீவாம். அந்த ஓனர் என்ன சொன்னாராம் தெரியுமா? 'பாப்போம்.' எப்பக் கேட்டாலும் 'பாப்போம்.' எப்படிப்பட்ட ஆளா இருப்பார் பாருங்க! இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க."

"ஆ" என்றார் ஓனர்.

"அதேதான் சார், நானும் அப்படித்தான் ஆச்சரியப்பட்டேன். இதோ, பல்லு வருது... பதறாதீங்க..."

அப்போது மாஸ்டர் மீன் தொட்டி வழியாக ஒன்றைப் பார்த்தார். வண்டியே ஓட்டத் தெரியாத ஓனரின் வலது கால், இல்லாத ஒரு பிரேக்கைக் காற்றில் ஓங்கி மிதித்தது.

வெளியே வந்த ஓனரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மாஸ்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், கிளப்பவில்லை. ஓனர் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினார்.

'உங்களுக்கு எந்தப் பல்?'

"எதுவும் இல்ல சார்" என்றார் மாஸ்டர். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மன்னிச்சுடுங்க."

ஓனர் சீட்டை வாங்கிக்கொண்டார். வாய் சும்மா இருந்திருந்தால் வழக்கமான வார்த்தை வந்திருக்கும், விஷயமும் அங்கேயே அமுங்கியிருக்கும். பேனா வேறு மாதிரி எழுதியது.

'ஞாயிறு எடுத்துக்குங்க.'

மாஸ்டர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. 'போகாதீங்க.' அதற்கும் கீழே, எழுத்துக்கள் சின்னதாகி, 'எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு வேற யாருக்கும் தெரியாது.'

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்க வண்டியைக் கிளப்பினார். பதற்றத்தில் கிளட்சை விட்டுவிட, வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. ஓனர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

இப்போது இரண்டு பக்கமும் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமையைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஒரு பக்கம் இரண்டு மடங்கு சம்பளம், ஒரு தூண். இன்னொரு பக்கம் ஒழுகும் கூரை, கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கும் கணக்காளர். சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். அந்த ஒரு வாரத்தில் அவர் சந்தோஷமாக இருந்த நேரம் எது? ரப்பர் மேட்டை மிதித்துக்கொண்டு போன அந்த அரை மணி நேரம்தான். அதற்கு மேல் யோசிக்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுப் போன் செய்தார்.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. எனக்குச் சும்மா ஓட்டப் பிடிக்கல. ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துல உக்காரத்தான் பிடிச்சிருக்கு."

"அப்ப எனக்கு யார் ஓட்டுவாங்க?" என்று டாக்டர் குழந்தை மாதிரிக் கேட்டார்.

"நீங்கதான். மேம்பாலம் ஏறி இறங்கினது நானா? பத்து நாள் காலைல நான் பக்கத்துல உக்காரறேன். பதினொண்ணாவது நாள் நீங்களே போவீங்க."

"பிரேக் இல்லாத சீட்லயா?"

"ரப்பர் மேட் இருக்கில்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். நேற்று தன்னிடம் பல் பிடுங்கிக்கொண்டவர் யார் என்று மாஸ்டர் சொன்னதும் சிரிப்பு நின்றது. "ஐயையோ! அவரா அவர்?" என்றார். பிறகு இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

மதியம் ஸ்கூலுக்குப் போய், இருக்கிறேன் சார் என்று மாஸ்டர் சொன்னதும் ஓனர் எழுந்து நின்றே விட்டார். வீக்கம் வடிந்திருந்தது, வாய் நேராகியிருந்தது. இதுதான் சமயம் என்று மாஸ்டர் சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்காமல்தான் கேட்டார்.

"பாப்போம்" என்றார் ஓனர், தெளிவாக.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்வரச் சொல்லி ஓனரே சாவியைக் கொடுத்திருந்தார். அணைக்கட்டு வரை போவதாகத் திட்டம். மனைவி டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் மாஸ்டர் பக்கத்து சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து பெல்ட்டும் போட்டிருந்தார்.

"என் இடத்துல நீங்க உக்காந்துட்டீங்க. அப்ப நான் எங்க உக்காரறது?"

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்றப் போனார். அதற்குள் மனைவி அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கைப்பையில் இருந்து ஒரு அட்டையை எடுத்து அவர் மடியில் போட்டார். பழகுநர் உரிமம். பத்து நாளுக்கு முன் தேதி.

"இது... டாக்டர் போன் பண்ணின மறுநாளாச்சே!"

"ஆமா. எப்படியும் ஒரு ஞாயித்துக்கிழமை வாங்காம விடறதில்லைன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

மாஸ்டர் அட்டையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மண்டைக்குள் எங்கோ ஒரு கியர் விழுந்தது. "ஓனருக்கு அந்த டாக்டர் கைராசின்னு சொன்னது..."

"வெள்ளிக்கிழமை கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு கவுன்டருக்கு வந்தார். எங்க வீட்டுக்காரர் போற டாக்டர்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்?" மனைவி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். "அங்க போனா விஷயம் தானா வெளிய வந்துடும்னு தெரியும். நீங்களா கேட்டிருந்தா இன்னும் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கும்."

"நான் டாக்டர் வேலைக்கே போயிருந்தா?"

"போயிருக்க மாட்டீங்க. சீட் மாறின கதையைச் சொல்லும்போது உங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு, அப்படிச் சிரிச்சீங்க. மத்த மூணு நாளைப் பத்திக் கேட்டா 'ஒரு தூண்'னு ஒத்தை வரில முடிச்சீங்க." கண்ணாடியைத் திருப்பினார். "ஊர்ல பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தாச்சு. எனக்கு மட்டும் நீங்க சொல்லிக்கொடுக்கல. நானும் கேக்கல. எப்பக் கேக்கறது? செவ்வாய்க்கிழமையா?"

மாஸ்டருக்கு அப்போதுதான் அது உறைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"கிளட்ச். முதல் கியர். சிக்னல். மெதுவா விடு."

வண்டி குதித்து ஆஃப் ஆனது. "பரவாயில்ல. வண்டி ஆஃப் ஆனா..."

"தப்பே இல்ல. தெரியும். தூக்கத்துல நீங்க சொல்றதை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

இரண்டாவது தடவை வண்டி கிளம்பியது. தெருமுனை தாண்டியது, கடைத்தெரு தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் அகலச் சாலை காலியாகக் கிடந்தது. மனைவி இரண்டாவது கியர் போட்டார், கேட்காமலே மூன்றாவதும் போட்டார். மரங்கள் வேகமாகப் பின்னால் போயின. திடீரென்று வண்டி நிதானித்தது.

"எதுக்குப் பிரேக் போட்டீங்க? முன்னால யாரும் இல்லையே?"

மாஸ்டர் காலைப் பார்த்தார். அது பிரேக்கின் மேல்தான் இருந்தது. எடுக்க மனமில்லை.

"இந்த வேகத்துல போனா பத்து மணிக்கே போய்ச் சேந்துடுவோம்" என்றார். "அப்பறம் ஞாயித்துக்கிழமை சீக்கிரம் தீந்துடும். கொஞ்சம் மெதுவாப் போலாமே?"

மனைவி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மாஸ்டரின் மற்ற மாணவர்கள் யாரும் அப்படி ஒழுங்காகப் பார்த்ததில்லை.

"பாப்போம்" என்றார்.